கிர்க்கேயைச் சூனியக்காரி ஆக்கியவர்கள்

அண்மையில் கதை சொல்லும் போட்டி ஒன்றிற்கு நடுவராகச் சென்றிருந்தேன். எந்தப் பள்ளி, எந்த வட்டாரம் என்பது இங்குத் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேடையேறிக் கிரேக்கக் கதையொன்றைச் சொன்னான். ஒடிசியஸ் என்னும் வீரன் போர் முடிந்து கப்பலில் ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு தீவு. அங்கே அழகிய சூனியக்காரி ஒருத்தி வாழ்கிறாள். அவள் கொடுத்த பானத்தைக் குடித்த மாலுமிகள் பன்றிகளாகின்றனர். வீரன் வாளை உருவுகிறான்; சூனியக்காரி நடுங்குகிறாள்; மாலுமிகள் மீண்டும் மனிதராகின்றனர்; கப்பல் புறப்படுகிறது. குரலின் ஏற்ற இறக்கமும் பன்றியின் உறுமலும் மிக நன்றாக அமைந்திருந்தன. இறுதியில் கைகூப்பி, "இக்கதையின் படிப்பினை யாதெனில், அழகைக் கண்டு மயங்குபவன் விலங்காவான், ஆகவே மாயக்காரிகளிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்" என்று முடித்தான். அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த மாணவிகளும் கைதட்டினர். நான் முதற்பரிசுக்குரிய புள்ளிகளை இட்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் புள்ளிகள் என்னை உறுத்திக்கொண்டே வந்தன. அக்கதையின் மீதிப் பாதி எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மாணவன்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நூலில் இருந்ததைத்தான் சொன்னான். அதே நூல் எங்கள் பள்ளியின் வள மையத்திலும் இருக்கக் கண்டேன். வண்ணப் படங்கள், பெரிய எழுத்து, கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட படிப்பினை. நூலின் பெயரை எழுதப் போவதில்லை. பிழை அந்த ஒரு நூலுடையது அன்று. சிறுவர்க்கென்று சுருக்கப்பட்ட ஒடிசிக் கதைகள் பலவற்றில், ஆங்கிலத்திலும் தமிழிலும், கத்தரிக்கோல் ஏறத்தாழ இதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது. விழுந்த இடம் தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கில நூல்களின் வழியே 'சர்சி' என்று நம்மிடம் வந்து சேர்ந்தவளைக் கிரேக்கர் 'கிர்க்கே' என்றே அழைத்தனர். ஹோமரின் ஒடிசி காப்பியத்தில் பத்தாம் பகுதியில் அவள் தோன்றுகிறாள். ஞாயிற்றுக் கடவுளான ஹீலியோசின் மகள் அவள். அயாயா என்னும் தீவில் தன் பணிப்பெண்களோடு வாழ்பவள். ஹோமர் அவளைத் தெய்வம் என்கிறார். அஞ்சத்தக்க தெய்வம், ஆனால் மனிதக் குரலில் பேசும் தெய்வம். மருந்துகள் பல அறிந்தவள் என்றும் சொல்கிறார். நம் நூல் இவை அனைத்தையும் 'சூனியக்காரி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. சூனியக்காரி என்றால் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் என்ன வரும்? பில்லி, ஏவல், விரித்த தலை, ஊரார் கல்லெறிந்து விரட்டும் கிழவி. மொழி கற்பிக்கும் நாமே ஒரு சொல் செய்யும் கேட்டை அறியாதவர்கள்போல் இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அவள் செய்த தீங்கை நான் மறைக்கப் போவதில்லை. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நூல் அதையும் சரியாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு கப்பல்களோடு புறப்பட்ட ஒடிசியசிடம் அயாயாவை அடையும்போது எஞ்சியிருந்தது ஒரே ஒரு கப்பல். மற்றப் பதினொன்றையும் லைஸ்ட்ரிகோனியர் என்னும் அரக்கர்கள் பாறைகளை எறிந்து நொறுக்கிவிட்டனர். துயரத்தில் இருந்த தன் ஆட்களை அவன் இரண்டு குழுக்களாகப் பிரித்து, தலைக்கவசத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்குகிறான். யூரிலோக்கசின் தலைமையில் 22 பேர் காட்டுக்குள் செல்ல வேண்டும் என்று வருகிறது. செதுக்கிய கற்களால் கட்டிய ஒரு வீடு. அதைச் சுற்றி மருந்தால் வசப்படுத்தப்பட்ட ஓநாய்களும் சிங்கங்களும். அவை பாயவில்லை; விருந்துண்டு வரும் எசமானனைக் கண்ட நாய்களைப்போல் வாலைக் குழைக்கின்றன. உள்ளே தறியில் நெய்தபடியே ஒரு பெண் பாடும் குரல். அவர்கள் கூப்பிட, அவள் கதவைத் திறக்கிறாள். யூரிலோக்கஸ் மட்டும் ஏதோ சூது என்று ஐயுற்று வெளியே நின்றுவிடுகிறான்.

பாலாடைக்கட்டி, வாற்கோதுமை மாவு, தேன், மது இவற்றைக் கலந்து கொடுக்கிறாள். அதில் தாய்நாட்டை அறவே மறக்கச் செய்யும் மருந்தும் கலந்திருக்கிறது. குடித்து முடித்ததும் கோலால் தட்டிப் பட்டியில் அடைக்கிறாள். தலை, குரல், மயிர், உடல் எல்லாம் பன்றி. ஆனால் அறிவு மட்டும் முன்பிருந்தபடியே இருந்தது என்கிறார் ஹோமர். அழுதுகொண்டே அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு முன்னால் அவள் காட்டுக் கொட்டைகளை எறிகிறாள்.

இந்த ஒரு செய்தியை, அறிவு மாறவில்லை என்பதை, நம் நூல் விட்டுவிட்டது. விட்டதால்தான் அந்தப் படிப்பினையை எழுத முடிந்தது! மனத்தால் விலங்கானவர்களை அவள் உடலாலும் விலங்காக்கினாள் என்பதுபோல் நூல் பேசுகிறது. மூலத்தில் அப்படி இல்லை. அழகில் மயங்கியதாகவும் அங்கே ஒரு சொல்லும் இல்லை. பசித்தும் களைத்தும் வந்தவர்கள் அழைத்த வீட்டில் உண்டார்கள், அவ்வளவே. விருந்தினரைக் காப்பது கடவுள் கட்டளை என்று கருதிய கிரேக்கர்க்கு, விருந்தினரையே விலங்காக்கிய கிர்க்கேயின் செயல் கொடிய குற்றம்தான். குற்றம் அவளுடையது, ஆனால் அது விருந்தறம் பிழைத்த குற்றம். 'மயக்கம்' என்பது நாம் ஒட்டவைத்தது.

அடுத்து வாள். ஒடிசியஸ் தனியே செல்கிறான். வழியில் ஹெர்மீஸ் கடவுள் எதிர்ப்பட்டு, வேர் கறுத்தும் பூ பால்போல் வெளுத்தும் உள்ள 'மோலி' என்ற மூலிகையைத் தருகிறார். அதனால் கிர்க்கேயின் மருந்து அவனிடம் பலிக்கவில்லை. அவன் வாளை உருவ, அவள் அவன் முழங்காலைப் பற்றுகிறாள். இனித் தீங்கு நினையேன் என்று ஆணையிடுகிறாள். வாள் பெற்றுத் தந்தது இந்த ஆணையை மட்டுமே. தோழர்கள் மீண்டது வேறொன்றால். அவன் முன்னால் உணவு வைக்கப்படுகிறது, அவன் தொடவில்லை. ஏன் என்று கேட்கிறாள். தோழர்கள் பட்டியில் கிடக்க, நேர்மையுள்ள எவன் உண்பான் என்கிறான் அவன். அவள் எழுந்து சென்று ஒவ்வொருவர்க்கும் வேறொரு மருந்தைப் பூசுகிறாள். மயிர் உதிர்கிறது. முன்னைவிட இளமையாகவும் உயரமாகவும் அழகாகவும் மனிதர்களாகின்றனர். ஒருவர் கையை ஒருவர் பற்றி அவர்கள் அழுத அழுகையில் வீடே அதிர்கிறது. தெய்வமாகிய அவளும் இரங்கினாள் என்கிறார் கவிஞர்.

நன்னெறிக் கல்விப் பாடத்திற்கு இதைவிட என்ன வேண்டும்? தோழர் பசித்திருக்கத் தான் உண்ண மறுத்த தலைவன். தன் செயலின் பயனைக் கண்ணால் கண்டு இரங்கிய தெய்வம். இவ்விரண்டையும் எடுத்தெறிந்துவிட்டு, உருவிய வாளைப் படமாகப் போட்டிருக்கிறார்கள்.

நம் நூலில் கப்பல் உடனே புறப்படுகிறது. மூலத்தில் ஓராண்டு கழித்தே புறப்படுகிறது. இந்த ஓராண்டுதான் சுருக்கிய பலரையும் சங்கடப்படுத்திய பகுதி என நினைக்கிறேன். இறைச்சியும் மதுவுமாக நாள் போகிறது. பருவங்கள் சுழல்கின்றன. தாய்நாட்டை நினைவுபடுத்துபவர்கள் யார் தெரியுமா? பன்றிகளாக இருந்து மீண்ட அந்தத் தோழர்களும் மற்றவர்களும்தாம். தலைவனைத் தனியே அழைத்து, இனியாவது ஊரை நினைக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். மோலி பெற்றவன், மருந்து பலிக்காதவன், ஊரை மறந்திருக்கிறான். மருந்து உண்டவர்களோ நினைவோடு இருக்கிறார்கள்! 'மயங்கியவன்' என்று யாரையாவது சுட்டத்தான் வேண்டுமென்றால், சுட்டவேண்டிய விரல் வீரனை நோக்கியன்றோ நீளவேண்டும்? அவனும் அவளைக் குறை சொல்லவில்லை. அன்றிரவே விடை கேட்கிறான். விருப்பமில்லாமல் என் வீட்டில் இருக்க வேண்டா என்று அவள் உடனே விடை கொடுக்கிறாள். சண்டையும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் செய்தவை கொஞ்சமன்று. முதலில் இறந்தோர் உலகிற்குச் சென்று டைரீசியஸ் என்னும் குருட்டு முனிவரிடம் வழி கேட்க வேண்டும் என்கிறாள். குழி எத்தனை முழம் வெட்டுவது, பாலும் தேனும் மதுவும் நீரும் எந்த வரிசையில் வார்ப்பது என்பதுவரை சொல்லிக் கொடுக்கிறாள். பலிக்குரிய ஆடுகளைத் தானே கப்பலருகே கொண்டுபோய்க் கட்டுகிறாள். பாய்மரத்திற்கு இசைந்த காற்றையும் அனுப்புகிறாள். புறப்படும் வேளையில் எல்பினோர் என்ற இளைஞன், மது மயக்கத்தில் கூரையில் உறங்கியவன், விழுந்து கழுத்து முறிந்து இறக்கிறான். அவனை அடக்கம் செய்ய அவர்கள் பாதாளத்திலிருந்து மீண்டும் அயாயாவிற்கு வருகிறார்கள். அப்போது அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யார் கையிலும் வாள் இல்லை. ரொட்டியும் இறைச்சியும் மதுவுமாகப் பணிப்பெண்களோடு அவளே கரைக்கு வருகிறாள். எல்லாரும் உறங்கிய பின் ஒடிசியசின் கையைப் பற்றித் தனியே அமர்த்தி, முன்னால் உள்ள கடலின் ஒவ்வோர் இடரையும் எடுத்துரைக்கிறாள். இது பன்னிரண்டாம் பகுதி.

சைரன்களின் கதை நம் மாணவர்க்குத் தெரியும். பாடிப் பாடியே மாலுமிகளைக் கொல்பவர்கள். தோழர்களின் காதில் மெழுகை அடைத்து, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லி, பாட்டையும் கேட்டு உயிரும் தப்பிய ஒடிசியசின் 'சமயோசித புத்தி' பல பாடக்குறிப்புகளில் எடுத்துக்காட்டாக வந்திருக்கிறது. நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த மெழுகு கிர்க்கே சொன்னது. பாய்மரம் அவள் சொன்னது. அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டுக என்ற கடைசி நுணுக்கமும் அவள் சொன்னது! ஒடிசியஸ் செய்தது அதைக் கேட்டு நடந்தது. அதுவும் ஒரு பெருமைதான், ஆனால் வேறு பெருமை. இதில் இன்னொன்றும் உண்டு. காப்பியத்தில் இக்கதையைச் சொல்பவன் ஒடிசியசே. அல்கினோஸ் மன்னனின் அவையில், தன் வீரத்தைத் தானே பேசும் இடம். பொய்யும் புனைவும் கைவந்தவன் அவன். நினைத்திருந்தால் மெழுகைத் தன் யோசனை என்றே சொல்லியிருக்கலாம். மறுக்க அங்கே யாரும் இல்லை. அவன் சொல்லவில்லை. கிர்க்கே கூறியது என்று தோழர்களிடம் சொன்னதாகவே சொல்கிறான். அவன் திருடாததை அவனுக்காக நாம் திருடியிருக்கிறோம்.

(ஊர் திரும்பி மனைவி பெனலோப்பியிடம் கதை சொல்லும்போது மட்டும் கிர்க்கேயின் சூதையும் சூழ்ச்சிகளையும் பற்றியே சொன்னதாகக் காப்பியம் கூறுகிறது. இதற்கு உரை தேவையில்லை. இல்லறத்தில் உள்ள வாசகர்கள் அறிவார்கள்.)

அதே அல்கினோசின் அரண்மனையில் இன்னொரு சிறு காட்சி, எட்டாம் பகுதியில். பரிசுப் பெட்டியைப் பத்திரமாகக் கட்டிக்கொள் என்று அரசி சொல்ல, ஒடிசியஸ் ஒரு சிக்கலான முடிச்சைப் போடுகிறான். அது கிர்க்கே கற்றுக்கொடுத்த முடிச்சு என்று கவிஞர் தம் வாயால் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். கற்றுக்கொடுத்தவள். ஆசிரியர்களாகிய நமக்கு இச்சொல்லாவது நெஞ்சில் தைக்க வேண்டும்.

அவள் சொல்லைக் கேளாத இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். ஆறு தலைகள் கொண்ட ஸ்கில்லாவிடம் போர்க்கோலம் பூணாதே, பயனில்லை என்றாள். அவன் கவசம் அணிந்து நின்றான். ஆறு பேரை அது கவ்விச் சென்றது. ஞாயிற்றின் மாடுகளைத் தொடாதீர்கள் என்று டைரீசியஸ் சொன்னதை அவளும் சொன்னாள். பசி பொறுக்காமல் தொட்டார்கள், கப்பல் உடைந்தது, ஒடிசியஸ் தவிர எல்லாரும் மாண்டனர். கொன்று தின்னலாம் என்று அவர்களைத் தூண்டியவன் யார் என்றால், அன்று கிர்க்கேயின் வாசலில் ஐயுற்று வெளியே நின்ற அதே யூரிலோக்கஸ். அவனுடைய அன்றைய ஐயம் சரியானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோழர்களுக்கு முடிவைக் கொண்டுவந்தது அவளுடைய கிண்ணமன்று.

இப்படிப்பட்டவளை வெறும் மயக்குகாரியாகச் சுருக்கியது இன்றைய சிறுவர் நூல்கள் அல்ல. அது நெடுங்காலத்து வேலை. பெருந்தீனி தின்னவைத்தே அவள் மனிதரைப் பன்றியாக்கினாள் என்று சாக்ரட்டீஸ் விளையாட்டாகச் சொன்னதைச் செனபோன் எழுதிவைத்தார். ரோமக் கவிஞர் ஹொராஸ் அவளை வேசி என்னும் சொல்லாலேயே சுட்டினார். ஓவிட் தம் உருமாற்றக் கதைகளில், காதல் கைகூடாத சினத்தில் பிறரை உருமாற்றும் பொறாமைக்காரியாக அவளை வளர்த்தார். பிற்கால ஓவியர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டனர். நம் நூலின் அட்டைப்படமும் அந்த வழியில் வந்ததே. கையில் கிண்ணம் இருக்கிறது, தறி இல்லை.

மாறாக எழுதியவர்களும் உண்டு. புளூட்டார்க்கின் நகைச்சுவை உரையாடல் ஒன்றில், கிரில்லஸ் என்ற பன்றியை மீண்டும் மனிதனாக்கித் தருமாறு ஒடிசியஸ் கிர்க்கேயிடம் வேண்டுகிறான். அவனையே கேட்டுப்பார் என்கிறாள் அவள். பன்றியோ மறுத்துவிடுகிறது! வீரத்திலும் அடக்கத்திலும் விலங்கே மனிதனைவிட மேல் என்று அது வாதிடும் வாதத்திற்கு ஒடிசியசால் எளிதில் விடை கூற முடியவில்லை. மேல்வகுப்புப் பட்டிமன்றத்திற்கு இதைவிடச் சிறந்த தலைப்பு கிடைப்பது அரிது.

2018இல் மேடலின் மில்லர் எழுதிய ஆங்கிலப் புதினம் கிர்க்கேயையே கதைசொல்லியாக்கியது. பெற்றோர் சிலர் படித்திருக்கலாம். அதில் அவள் தன்னை நாடிவந்த கடலோடிகளால் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். அதன் பிறகே வருவோரைப் பன்றிகளாக்கத் தொடங்குகிறாள். வலிமையான நூல். ஆயினும் அதையே மூலக்கதை என்று எடுத்துக்கொள்ளலாகாது. ஹோமர் அவள் செயலுக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. காரணம் கண்டுபிடித்து அவளைக் குற்றமற்றவள் ஆக்குவது என் நோக்கமும் அன்று. தீங்கு செய்தாள், ஆணையிட்டாள், ஆணையைக் காத்தாள், கேட்டதற்கும் மேலாக உதவினாள். நான்கையும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மறுப்புகள் வரும். ஆசிரிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அந்த ஓராண்டில் படுக்கையறையும் வருகிறதே ஐயா, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?" என்றார். நியாயமான கேள்வி. சொல்ல வேண்டா. பத்து வயதுப் பிள்ளைக்குப் படுக்கையறை தேவையில்லை. ஆனால் அதை வெட்டும்போது கூடவே மெழுகையும் பாய்மரத்தையும் ஆடுகளையும் காற்றையும் ஏன் வெட்டினோம்? அவற்றில் சொல்லத்தகாதது என்ன இருக்கிறது? 'ஓராண்டு அவள் வீட்டில் விருந்தினராக இருந்தார்கள்' என்று எழுத நான்கைந்து சொற்கள் போதும். "மூன்று நிமிடப் போட்டியில் இவ்வளவும் அடங்காது" என்றார் அவரே. அடங்காது. அடங்காதென்றால் வேறு கதையைக் கொடுங்கள். பாதிக் கதைக்கு முழுப் படிப்பினை எழுதாதீர்கள்.

என்னை வருத்துவது அந்த முன்வரிசை. ஒரு பெண் ஒருமுறை தவறு செய்தால் அவளுடைய பெயர் அதோடு முடிந்தது, அவள் பின்னர் தரும் அறிவெல்லாம் வீரன் கணக்கில் சேரும் என்பதை, கட்டம் போட்டு அழகான எழுத்தில் அச்சிட்டு அந்த மாணவிகளின் கையில் கொடுத்திருக்கிறோம். அவர்களும் கைதட்டுகிறார்கள்.

மறுவாரம் அந்த மாணவனின் ஆசிரியரிடம் பேசினேன். அவருடைய இசைவோடு மாணவனிடம் மீதிக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "அப்படியென்றால் மெழுகு ஒடிசியசின் யோசனை இல்லையா ஐயா?" என்றான். இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பன்றிக் குரலுக்கு நேரம் போதாது" என்றான். அதுவும் உண்மைதான்.

எங்கள் வள மையத்து நூலின் கடைசிப் பக்கத்தில், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, படிப்பினைக் கட்டத்தின்கீழ் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். கப்பல் உடனே புறப்படவில்லை என்று தொடங்கி, முடிச்சு வரையில் பதினைந்து வரிகள். வேறு பள்ளிகளில் இந்நூலை வைத்திருப்போர் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்; இங்கே எழுதியதிலிருந்தே படியெடுத்துக்கொண்டாலும் சரி. 'சூனியக்காரி' என்ற சொல்லை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். வரும் தவணையில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் அந்த நூலைக் கொடுத்து, அச்சொல்லுக்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று கேட்கப் போகிறேன்.